சனியை நேருக்கு நேர் பார்க்கலாமா?

ஏரலில் அந்தத் தெருவுக்கு வழி கேட்டால், "டெலஸ்கோப் தாத்தா வீட்டுக்கா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் கடைத்தெருவில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தவர். எல்.இ.டி. டி.வி. வந்த பிறகு, பழுது பார்ப்பதைவிடப் புதிது வாங்குவது மலிவு என்றாகிவிட, கடையை மூடினார். கையும் கண்ணும் சும்மா இருக்க மறுத்தன. 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் ஒட்டினாற்போல மேற்கே நின்றனவே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு யாரோ கொடுத்த பைனாகுலரில் அதைப் பார்த்தவர், மறுநாளே பிளம்பிங் கடைக்குப் போய் அகலமான பி.வி.சி. பைப் விலை விசாரித்தார்.

கண்ணாடியை மட்டும் விலைக்கு வாங்கினார். ஆறு அங்குல விட்டம், உட்குழிந்த ஆடி. மற்றதெல்லாம் கைவேலை. குழாயைத் தாங்க பிளைவுட்டில் ஒரு பெட்டி. மேலும் கீழும், இடமும் வலமும் விரலால் தள்ளினால் திரும்பும். இந்த எளிய அமைப்புக்கு 'டாப்சோனியன்' என்று பெயர். இதைப் பரப்பிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த சங்க மடத்தில் இருபது வருடத்துக்கு மேல் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டியவர். ஏரல்காரருக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். "சாமியாரு செஞ்ச சாமான்" என்றுதான் மனைவியிடம் அறிமுகப்படுத்தினார்.

அந்த அம்மாள் அதற்கெல்லாம் மசியவில்லை. நிலாவைப் பார்த்தார், "அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்கு" என்றார். வியாழனையும் அதன் நாலு நிலாக்களையும் பார்த்தார். சனி என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

"சனீஸ்வரனை யாராவது நேருக்கு நேர் பாப்பாங்களா? கோயில்லயே ஒதுங்கி நின்னுதான் கும்பிடுதோம். நீங்க குழாய் வச்சுல்ல பாக்கச் சொல்லுதிய!"

இந்தப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குக் கிரகங்கள் வானத்தில் மட்டும் இல்லை. தாமிரபரணிக் கரையிலேயே வரிசையாக இருக்கின்றன. நவதிருப்பதியில் ஸ்ரீவைகுண்டம் சூரியன், நத்தம் சந்திரன், திருக்கோளூர் செவ்வாய், திருப்புளியங்குடி புதன், ஆழ்வார்திருநகரி குரு, தென்திருப்பேரை சுக்கிரன், இரட்டைத் திருப்பதி ராகு-கேது. ஏரலுக்குப் பக்கத்துப் பெருங்குளம்தான் சனி. நவகைலாயக் கணக்கில் ஸ்ரீவைகுண்டம் கைலாசநாதர் சனிக்குரியவர். ஒரே நாளில் பஸ் ஏறி ஒன்பது கிரகத்தையும் சுற்றிவிட்டு வரக்கூடிய ஊர்க்காரர்களிடம் போய் வானியல் பேசுவது லேசான காரியமல்ல.

"பெருங்குளத்துல நேராத்தான நின்னு சேவிக்க?" என்று அவர் மடக்கிப் பார்த்தார்.

"அது பெருமாள்" என்று பதில் வந்தது. வழக்கு அத்துடன் தள்ளுபடி.

சனியைக் காட்டுவதில் அவருக்கே வேறொரு சிக்கல் இருந்தது. முதல் ஆறு மாதம் எந்தக் கிரகமும் ஒழுங்காகத் தெரியவில்லை. கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி நெளிந்தது. கண்ணாடி சரியில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தார். கண்ணாடியில் ஒன்றுமில்லை. கோளாறு காற்றில் இருந்தது.

ஆற்றுப் படித்துறையில் நின்று தண்ணீருக்குள் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஓடாமல் நின்றால் அடியில் கிடக்கும் கூழாங்கல் கோடுகூடத் தெரியும். ஓடினால் கல் ஆடுவதுபோல் இருக்கும். நாம் எல்லோரும் காற்று என்ற ஆற்றின் அடியில் நிற்கிறோம். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. இரண்டும் கலந்து புரளும்போது அவற்றின் வழியே வருகிற வெளிச்சமும் புரள்கிறது. நட்சத்திரம் மின்னுவது அதனால்தான். கிரகம் வெறும் கண்ணுக்கு அவ்வளவாக மின்னாது. ஏனென்றால் அது புள்ளியல்ல, சிறு வட்டம். அந்த வட்டத்தை நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது காற்றின் ஆட்டத்தையும் சேர்த்தே நூறு மடங்கு பெரிதாக்குகிறோம். 240 மடங்கு காட்டும் லென்ஸை ஆசையாக வாங்கிப் போட்ட அன்று, வியாழன் கஞ்சி மாதிரி தெரிந்தது என்பார்.

அவர் ரிப்பேர்காரர். சத்தம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துத்தான் பழக்கம். வானத்தையும் அப்படியே பார்த்தார்.

முதல் குற்றவாளி, அவர் வீட்டு மொட்டை மாடி. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி ஒன்பது, பத்து மணிவரை சூட்டைக் கக்கும். மாடியிலிருந்து பார்ப்பது அடுப்புக்கு மேலே பார்ப்பதற்குச் சமம். சாயங்காலம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்; ஓரளவு அடங்கியது. அதைவிட, குழாயைப் புறவாசலில் மண் தரையில் வைத்தபோது பாதி ஆட்டம் குறைந்தது. மண்ணும் புல்லும் சீக்கிரம் ஆறிவிடும். எதிர்வீட்டுத் தகரக் கூரைக்கு மேலே கிரகம் நிற்கும்போது பார்த்தால் நெளியும். வாழைத்தோட்டத்துக்கு மேலே வந்ததும் அடங்கும்.

இரண்டாவது, குழாய்க்குள் இருக்கும் கண்ணாடியே. அறைக்குள் இருந்து எடுத்துவந்த தடித்த கண்ணாடி வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு வர ஒரு மணி நேரமாவது பிடிக்கும். அதுவரை அதன் மேல் வெப்ப அலை எழும்பிக்கொண்டே இருக்கும். அதனால் இப்போது விளக்கு வைக்கும் நேரத்தில் குழாயை வெளியே வைத்துவிட்டுத்தான் காப்பி குடிக்கப் போகிறார். தெருப் பிள்ளைகளுக்கு அவர் காட்டும் வேடிக்கை ஒன்று உண்டு. ஒரு நட்சத்திரத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, குழாய் வாய்க்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டச் சொல்வார். கையிலிருந்து புகை மாதிரி வெப்பம் எழும்புவது தெரியும். "ஏல, ஒன் சூட்டைப் பாத்தியா?"

மூன்றாவதை அவரால் கழற்ற முடியாது. அது மேல் காற்று. ஆடி மாதம் மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்றில் குழாயே ஆடும். கிரகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கிற இரவில் நட்சத்திரங்கள் வைரமாக மின்னும். ஊரே அண்ணாந்து பார்த்து "என்ன அழகு" என்று சொல்லும். அவர் மட்டும் முகத்தைச் சுளிப்பார். மின்னினால் ஆட்டம் என்று அர்த்தம். லேசாகப் பனி மூட்டம் போட்டு, நட்சத்திரம் மங்கலாக, அசையாமல் எரிகிற இரவுதான் கிரகத்துக்கு நல்ல இரவு. இது தெரிய அவருக்கு இரண்டு வருடம் ஆயிற்று. புன்னைக்காயல் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்றுக்கு நாலு பெயர் வைத்து, எது அடித்தால் எதற்கு ஆகும் என்று கணக்கு வைத்திருப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் இதுவும்.

ஒரு விஷயத்தில் ஏரல் கொடுத்துவைத்த ஊர். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், ஜெட் காற்று என்ற அதிவேக நீரோட்டம் ஓடுகிறது. அது தென்கோடிவரை வருவதில்லை. பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய எட்டரை டிகிரிதான் தூரம் என்பதால் கிரகங்களும் இங்கே தலைக்கு மேலே உயரமாகப் போகும். உயரே போகப் போக நடுவில் இருக்கும் காற்றின் கனம் குறையும். லண்டனில் இருப்பவர் இதற்கு ஏங்க வேண்டும்.

பெரிய கருவி இருந்தாலும் காற்றிடம் தப்ப முடியாது. செவ்வாயில் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் உலகமே நம்பியது. 1877ல் இத்தாலியின் ஸ்கியாபரெல்லி கோடுகளைப் பார்த்ததாகச் சொன்னார். அமெரிக்காவின் பெர்சிவல் லோவெல் சொந்தச் செலவில் ஆய்வுக்கூடம் கட்டி, நூற்றுக்கணக்கில் கால்வாய் வரைந்தார். 1909 செப்டம்பரில் பாரிஸ் அருகே மூதோன் என்ற இடத்தில், 83 செ.மீ. லென்ஸ் கொண்ட தொலைநோக்கியில் அன்டோனியாடி பார்த்தபோது காற்று அபூர்வமாக அசையாமல் நின்றது. கோடுகள் காணாமல் போயின. இருந்தவை ஒழுங்கற்ற திட்டுகளும் புள்ளிகளும்தான். காற்று ஆட ஆட, துண்டு துண்டாகத் தெரிந்ததை மூளை கோடாக இழுத்துக்கொண்டிருக்கிறது. வானத்தின் அமைதிக்கு ஒன்று முதல் ஐந்துவரை மார்க் போடும் முறை இன்றைக்கும் அந்த அன்டோனியாடி பெயரில்தான் இருக்கிறது. ஏரல்காரரின் நோட்டிலும் அந்த மார்க் உண்டு. ரேடியோ ரிப்பேர் கணக்கு எழுதிய பழைய நோட்டுதான், பின்பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார். முக்கால்வாசி இரவுகளுக்கு மூன்று, நாலு. ஒன்று என்ற முதல் மார்க் மொத்தமாக விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

ஆனால் சின்னக் கருவியும், கடலோரத் தமிழ்நாட்டு வானமும் சேர்ந்து சனியிடம் பெரிய ரகசியம் ஒன்றை வாங்கிய கதை இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. சென்னை நுங்கம்பாக்கத்தில், இப்போது வானிலை ஆய்வு மையம் இருக்கிற வளாகத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் வானாய்வுக்கூடம் இருந்தது. 1792ஆம் வருடத்தைப் பொறித்த கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அங்கே கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் என்பவர் 1852ல் சனியைப் பார்த்தார். அவரிடம் இருந்ததும் ஏறத்தாழ ஆறு அங்குலத் தொலைநோக்கிதான். சனியின் பிரகாசமான வளையங்களுக்கு உள்ளே மங்கலான வளையம் ஒன்று இருப்பது 1850ல்தான் தெரியவந்திருந்தது. அந்த வளையத்தின் ஊடாகச் சனியின் உடல் தெரிவதை ஜேக்கப் கண்டார். மல்லுத் துணி வழியே விளக்குத் தெரிவதுபோல. அதே காலத்தில் மால்டா தீவிலிருந்து லாசல் என்பவரும் இதையே கண்டார். வளையம் தகடு அல்ல, கோடிக்கணக்கான துணுக்குகள் என்று பிற்காலத்தில் உறுதியான உண்மைக்கு அது ஒரு தடயம்.

அதே மதராஸ் கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கும் புரியும்படி சிறு நூல் எழுதினார். கணித்த கிரகமும் கண்ணால் பார்த்த கிரகமும் ஒத்துப்போக வேண்டும் என்று வாதாடியவர். 'ஏரல் வீட்டில் நடக்கிற சண்டையை அவர் அன்றைக்கே தீர்த்து வைக்கப் பார்த்திருக்கிறார்' என்று எடுத்துக்கொள்ளலாம்.

2023 டிசம்பர் 17, 18. தென் மாவட்டக்காரர்கள் யாரிடமும் இந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. தாமிரபரணி கரையைத் தேடாமல் ஓடியது. ஏரலில் பாலம் சேதமாகி, கடைத்தெரு மூழ்கி, ஊர் தனித்தீவானது.

ராத்திரியில் வீட்டுக்குள் தண்ணீர் ஏற ஏற, இருவரும் அரிசி, மாத்திரை டப்பா, பத்திரப் பை, குத்துவிளக்கு என்று மாடிக்குக் கடத்தினார்கள். தொலைநோக்கி புறவாசல் சாய்ப்பில் இருந்தது. அவர் இறங்கப் போனார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். "அது போனா போவுது. நீங்க போனா?" விடிந்து பார்த்தபோது குழாய் தென்னைமரத்தில் முட்டிக்கொண்டு மிதந்தது. இரண்டு நாள் மாடியிலேயே கிடந்து, தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சி. அதாவது வெள்ளம் வந்த மூன்றாம் நாள். "போற போக்குல அடிச்சுட்டுப் போயிட்டான்" என்று தெருவே சொன்னது. "எத்தனை வருஷமா குழாய் வச்சு உத்துப் பாத்தா சும்மா விடுவானா?" என்று ஒரு உறவுக்காரர் வீட்டு வாசலிலேயே கேட்டார். இவர் பதில் பேசவில்லை. வீட்டையே வண்டலாக இழந்த மனிதர்களிடம் வளிமண்டலத் தாழ்வுச் சுழற்சியைப் பற்றி எப்படிப் பேசுவது?

சேறு படிந்த கண்ணாடியை எடுத்து, கெட்டுப்போன டி.வி. பெட்டிகளோடு மூலையில் சாத்தினார். அப்புறம் அதன் பக்கமே போகவில்லை. ஆடி போய் ஆவணி வந்தது. ராத்திரி சாப்பிட்டதும் படுத்துவிடுவார். சென்னையில் படிக்கும் பேத்தி போனில், "தாத்தா, போன்லயே வீடியோ எடுக்கலாம். ஆயிரம் ஃப்ரேம்ல ஆடாத ஃப்ரேமை மட்டும் சாஃப்ட்வேர் பொறுக்கி அடுக்கித் தரும்" என்று ஆசை காட்டினாள். "பாப்போம் மக்கா" என்று வைத்துவிடுவார்.

ஒருநாள் காலையில் மனைவிதான் கேட்டார். "அந்தக் கண்ணாடிய எப்படிக் கழுவணும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாள் பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் வைத்திருந்தார்.

அதைத் தேய்க்கக் கூடாது. அலுமினியப் பூச்சு கண்ணாடியின் முன்பக்கத்திலேயே இருக்கும்; ஒரு மணல் போதும், கீறிவிடும். மணிக்கணக்கில் ஊறவைத்தார்கள். தண்ணீரை மாற்றினார்கள். பஞ்சை அதன் சொந்த எடையிலேயே, ஒரு தடவைக்கு ஒரு பஞ்சாக, இழுத்து எடுத்தார்கள். கடைசியாக, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். மூன்று நாள் வேலை. ஓரத்தில் பூச்சு அங்கங்கே உரிந்து புள்ளி விழுந்திருந்தது. புள்ளியால் வெளிச்சம் கொஞ்சம் குறையும், உருவம் கெடாது. "ஒங்க மூஞ்சி மாதிரி ஆயிட்டு" என்றார் மனைவி. பெட்டியைப் புது பிளைவுட்டில் அறுத்தார். குழாய் பழையதே, வெள்ளம் நின்ற அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு இன்னும் அதில் இருக்கிறது.

அந்த ஐப்பசியில் மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவர், சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்து நேரம் சொன்னார். அவருக்குள் பழைய ஆசை எழுந்தது அப்போதுதான். அவசரமும் இருந்தது. சனியின் வளையம் நம் பக்கம் சாய்ந்திருக்கும் கோணம் வருடத்துக்கு வருடம் மாறும். 2017ல் 27 டிகிரிவரை விரிந்து நின்றது, 2025 மார்ச்சில் கத்தி விளிம்பு மாதிரி நேர்கோட்டில் வந்துவிடும். இரண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டர் அகலமான வளையத்தின் கனம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்கூட இல்லை என்பதால் அப்போது தெரியவே தெரியாது. மறுபடி நன்றாக விரிய 2032 ஆகும். அப்போது அவருக்கு 76.

2025 ஜனவரியில் 'ஆறு கிரகங்கள் அணிவகுப்பு' என்று எல்லோர் போனிலும் படம் சுற்றியது. பொங்கல் முடிந்த அந்த வாரத்தில் வெள்ளியும் சனியும் மேற்கே அருகருகே நின்றன. தை அமாவாசைக்குச் சேர்மன் அருணாசல சுவாமி கோயில் தயாராகிக்கொண்டிருந்தது, உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். தெருவே புறவாசலில் கூடிவிட்டது. வெள்ளத்தின்போது வாசலில் வந்து கேட்ட அதே உறவுக்காரரும் வரிசையில் நின்றார்.

எல்லோரும் பார்த்து முடித்தபின் அவர் மனைவியைக் கூப்பிட்டார். தலை ஆடியது, மாட்டேன் என்று.

"இங்க வா. குழாய் எங்க பாத்து நிக்கி?"

"மேக்க."

"நீ எங்க பாத்துக் குனியணும்?"

அந்த அம்மாள் யோசித்தார். இந்த வகைத் தொலைநோக்கியை நியூட்டன் 1668ல் செய்தது முதலே கண் வைக்கும் துளை குழாயின் பக்கவாட்டில்தான் இருக்கிறது. வெளிச்சம் கீழே இருக்கும் ஆடியில் பட்டு, மேலே ஒரு சின்னக் கண்ணாடியில் பட்டு, பக்கவாட்டில் திரும்பி வெளியே வரும். பார்க்கிறவர் மேற்கே பார்ப்பதே இல்லை.

"தெக்க" என்றார் மெதுவாக.

"அப்புறம் என்ன? ஒதுங்கி நின்னுதான பாக்க? அதுவும் கண்ணாடியிலதான பாக்க?"

பேத்தி சிரித்துவிட்டாள். "ஆச்சி, தாத்தா வழக்குல ஜெயிச்சுட்டாங்க!"

அம்மாள் கும்பிட்டுவிட்டுக் குனிந்தார். ஆபரேஷன் ஆன கண். "ஒண்ணும் தெரியல. கொதிக்குது." சனி தாழ இறங்கிக்கொண்டிருந்தது, தாழ இறங்க இறங்க காற்றின் கனம் கூடும். அவர் எதுவும் சொல்லித்தரவில்லை. ஆடி ஆடி, நடுவில் அரை நொடி, ஒரு நொடி நிற்கும். அதற்குத்தான் காத்திருக்க வேண்டும். அடுப்பில் பால் வைத்துவிட்டு ஐம்பது வருடம் நின்றவருக்கு அதைச் சொல்லித்தர அவசியமில்லை. மோட்டார் இல்லாத கருவி. பூமி சுற்றச் சுற்ற, ஒன்றரை நிமிடத்தில் கிரகம் வட்டத்தை விட்டு ஓடிவிடும். அவர் பக்கத்தில் நின்று ஒரு விரலால் குழாயைத் தள்ளித் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறை தள்ளியபோது அந்த அம்மாள் மூச்சை உள்ளே இழுத்தது எல்லோருக்கும் கேட்டது.

"ஊசியில கோத்த முத்து மாதிரில்லா இருக்கு!"

வளையம் அன்று ஏறக்குறைய 4 டிகிரிதான் சாய்ந்திருந்தது. உருண்டைக்கு இரு பக்கமும் மெல்லிய கோடு. ஊசியில் கோத்த முத்துதான். பக்கத்திலேயே பழைய கொற்கை இருக்கிற ஊரில் வேறெப்படிச் சொல்வார்கள்?

கண்ணை எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. பின்னால் நின்ற பக்கத்து வீட்டுப் பெண் பொறுமை இழந்து, "ஆச்சி, நான் ஒருக்கா பாக்கட்டா?" என்றாள்.

"வா" என்று நகர்ந்தவர், அவளைத் தோளைப் பிடித்து நிறுத்தினார். "நேரா நிக்காத. இப்படி ஒதுங்கி நில்லு. மொதல்ல ஆடும், பயப்படாத."

அவர் குழாயை இன்னொரு முறை விரலால் தள்ளிக் கொடுத்தார்.